கேட்காமல் நடந்த கால்கள்

நாற்பது ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்ந்தும் இன்னும் "புதுசா வந்தவங்க" என்றே அழைக்கப்படுகிற, அந்த அழைப்பையும் புன்னகையோடு பொறுத்துக்கொள்கிற, ஊர்மன்றத் தலைவி, இந்த அவையின் தலைவர், திருமதி ஃபிலிப்பா கார்சைட் அவர்களே! ஏழு ஊர்த் தேவாலயங்களுக்கும் ஒற்றை ஆளாய் ஓடியோடி உழைத்து, இன்று நம் ஊருக்கும் நேரத்தோடு வந்து சேர்ந்துவிட்ட பாதிரியார் அவர்களே! மேலத்தெருப் பெரியோர்களே! கீழத்தெருப் பெரியோர்களே! என்ன அங்கே முணுமுணுப்பு? சரி, அடுத்த கூட்டத்தில் கீழத்தெருவை முதலில் சொல்கிறேன், அமைதி, அமைதி! விடிந்ததிலிருந்து தேநீர்க் கொதிகலனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு வந்திருக்கும் இளம் தம்பதியரே! முன்வரிசையில் கைத்தடியை மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டு, "சீக்கிரம் முடி" என்று கண்ணாலேயே கட்டளையிடும் பெரில் டக்கெட் அம்மையார் அவர்களே! உங்கள் அனைவரையும் இந்த லெனர்ட் பிரூவர், இவ்வூர்ப் பள்ளியின் கடைசி வாத்தியார், தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வாத்தியாரிடம் போய்ப் பத்து நிமிடம் என்றால், அது யாருடைய தவறு?

ஹெம்பிள்டன்! பெயரைச் சொன்னாலே நெஞ்சு நெகிழ்கிறதே, ஏன்? விடியற்காலை ரொட்டி வாசத்தோடு எழுந்த ஊரல்லவா இது! எங்கே அந்த ரொட்டிக்கடை? கதவு இருக்கிறது, அடுப்பு இல்லை. எங்கே அந்தத் தபால் அலுவலகம்? பெயர்ப்பலகை இருக்கிறது, பலகைக்குப் பின்னால் ஒரு பல் மருத்துவர் குடியிருக்கிறார். எங்கே என் பள்ளிக்கூடம்? முப்பத்தாறு ஆண்டுகள் நான் கணக்குப் போட்ட கரும்பலகையில் இன்று ஒரு குடும்பம் வாரத்துக்கான சமையலை எழுதி வைக்கிறது. குற்றமாகச் சொல்லவில்லை. என் கையெழுத்தைவிட அவர்கள் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.

நாள்தோறும் நான்கு முறை வந்த பேருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறது. ஏழு நாளும் திறந்திருந்த மதுக்கடை நான்கு நாள் திறக்கிறது. சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்குள் இப்போது படித்து முடித்த புத்தகங்கள் குடியிருக்கின்றன. மூடிப்போன கடையை நாமே முறைவைத்து நடத்துகிறோம். புதன்கிழமை என் முறை. சில்லறை தவறாகக் கொடுக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. போனவற்றுக்காகப் புலம்பினோம். புலம்பியபடியே பழகினோம். ஆனால் ஒன்று போனபோது மட்டும் நம்மால் பொறுக்க முடியவில்லை. எது அது?

கேட்டது! கீழத்தெருவிலிருந்து சரியாகச் சொன்னார்கள். பாதை! தோர்ன் பண்ணை வயலின் நடுவே, ஊரிலிருந்து தேவாலயத்துக்கு அரை மைல் ஓடும் அந்த ஒற்றையடிப் பாதை!

இந்தப் பாதை எப்படிப் பிறந்தது? ஒரு ஜன்னலால் பிறந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் தேவாலயத்தைச் சுற்றித்தான் இருந்தது. மாளிகையில் இருந்த பிரபு ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்தார். நம் முன்னோரின் கூரைகள் கண்ணில் பட்டன. கூரைகளுக்குப் பதில் குளம் தெரிந்தால் குளிர்ச்சியாக இருக்குமே என்று நினைத்தார். முடிந்தது கதை! முப்பத்தெட்டு வீடுகள் இடிந்தன. மேட்டுக்குப் பின்னால், அவர் பார்வை படாத இடத்தில், நம்மைக் கொண்டுவந்து வைத்தார். வீட்டைப் பெயர்த்தவரால் தேவாலயத்தைப் பெயர்க்க முடிந்ததா? மண்ணுக்குள் உறங்கிய மனிதர்களைப் பெயர்க்க முடிந்ததா? புது ஊரில் குடியேறிய முதல் ஞாயிற்றுக்கிழமையே நம் மக்கள் வயலைக் கடந்து பழைய இடத்துக்கு நடந்தார்கள். தாலாட்டிய குழந்தையைத் தண்ணீர் தெளித்துப் பெயரிட அந்த வழியே தூக்கிச் சென்றார்கள். தாங்க முடியாத துயரத்தைத் தோளில் சுமந்தும் அந்த வழியே சென்றார்கள். மாளிகை இன்று மண்மேடு. குளம் இன்று கொசுமேடு. பாதை மட்டும் இருந்தது.

அந்தப் பாதையை ஏன் இழந்தோம்? இங்கேதான் நான் தலைகுனிய வேண்டியிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், ஊரில் உள்ள பொதுப்பாதைகளை எல்லாம் எழுதி அனுப்புங்கள் என்று மாவட்டத்திலிருந்து படிவம் வந்தது. ஊர்மன்ற எழுத்தராக இருந்தவர் என் தந்தை. பதினோரு பாதைகளை அழகாக எழுதினார். பன்னிரண்டாவதை எழுதவில்லை. ஏன் தெரியுமா? கூட்டத்தில் எதிர் நாற்காலியில் வயலின் சொந்தக்காரர், முதிய தோர்ன், உட்கார்ந்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே அவர் வயலைப் பொதுவழி என்று எழுதுவது மரியாதையாக இருக்காதாம்! வீட்டுக்கு வந்து என் தாயிடம் சொன்னாராம்: "எல்லாருக்கும் தெரிஞ்ச வழிதானே! அதைப் போய் எழுதுவாங்களா?"

எழுதியிருக்க வேண்டும், அப்பா. எழுதித் தொலைத்திருக்க வேண்டும்.

ஆனால் மரியாதை என்பது நம் மேலத்தெருவின் மாறாத நோய். முதிய தோர்னுக்குப் பின் அவர் மகன் வில்ஃப்ரெட் பண்ணைக்கு வந்தார். குறைவாகப் பேசுவார், கோட்டைக் கழற்றமாட்டார், சொன்னால் சொன்னதுதான். ஞாயிறு காலை நாங்கள் வயலுக்குள் இறங்குமுன் வளைந்துபோய் அவருடைய சமையலறைக் கதவைத் தட்டுவோம். நான் தொப்பியைக் கழற்றுவேன்.

"குட் மார்னிங் மிஸ்டர் தோர்ன். வயல் வழியாப் போகலாமா?"

"போங்க."

"ஈரமா இருக்கே, பரவாயில்லையா?"

"போங்கன்னா போங்க வாத்தியாரே. முட்டை பொரியுது, கருகிடும்."

ஒவ்வொரு ஞாயிறும் கேட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் அனுமதி பெற்றோம். என்ன பண்பு! என்ன பணிவு! என்ன பைத்தியக்காரத்தனம்!

கீழத்தெரு சிரிக்கிறது. சிரியுங்கள், உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் கதைக்கு வருகிறேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இதே மண்டபத்தில் கோடைக் கண்காட்சி. கேக்குகளுக்கு நடுவராக வரவேண்டிய அம்மையாருக்குப் பொன்னுக்கு வீங்கி. வேறு ஆள் இல்லை. கண்காட்சித் தலைவர் என்ற முறையில் வில்ஃப்ரெட் தோர்ன் கையில் விதிப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். பன்றியையும் பார்லியையும் தவிர வேறெதையும் மதிப்பிட்டு அறியாத மனிதர்! புத்தகத்தைப் பிரித்தார். ஜாம் வைத்த கேக்கின் மேற்புறத்தில் சூடு ஆறவைக்கும் கம்பித் தட்டின் தடம் இருக்கக்கூடாது என்று போட்டிருந்தது. ஆறு ஆண்டுகள் தொடர்ந்து முதல் பரிசு வாங்கிய பெரில் அம்மையாரின் கேக்கில் மெல்லியதாய் இரண்டு கோடுகள். வில்ஃப்ரெட் கண்ணாடியைப் போட்டார், குனிந்தார், நிமிர்ந்தார். "விதிப்படி இல்லை" என்று எழுதிய அட்டையை, ஊரே பார்க்க, அந்தக் கேக்கின்மேல் சாய்த்து வைத்தார்.

நான் பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன்.

"வில்ஃப்ரெட், ஒரு துண்டு வாயில வெச்சுப் பாத்தியா?"

"ருசி ரெண்டாம் பக்கத்துல வருது பெரில். நான் மொதப் பக்கத்துலயே நின்னுட்டேன்."

"அப்ப அங்கயே நில்லு."

அவ்வளவுதான்! அன்று மூடிய வாயை முப்பத்தோரு ஆண்டுகள் அவர்கள் இருவரும் திறக்கவில்லை. கீழத்தெருவின் ஒன்பது வீடுகளும் பெரில் அம்மையாருக்காக வில்ஃப்ரெட்டோடு பேச்சை நிறுத்தின. ஆனால் அவர் கணவர் சிரில் தேவாலயத் தோட்டத்தில் அல்லவா உறங்குகிறார்? எழுபத்தொன்பதில், நாற்பத்திரண்டே வயதில் போன அந்த நல்ல மனிதரைப் பார்க்க ஞாயிறுதோறும் போகவேண்டுமே? பேசாதவரிடம் எப்படி அனுமதி கேட்பது? அடுத்த ஞாயிறு பெரில் அம்மையார் யாரையும் கேட்கவில்லை. வாயிற்படலைத் தள்ளினார், வயலில் இறங்கினார், வில்ஃப்ரெட்டின் சமையலறை ஜன்னலுக்கு நேர் முன்னால் நிமிர்ந்து நடந்தார். பின்னாலேயே கீழத்தெரு நடந்தது. மேலத்தெருவில் நாங்கள் திகைத்துப்போனோம். "கேக்காம போறாங்களே, என்ன ஜனங்க!" என்று தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் பேசிக்கொண்டோம். அப்படிப் பேசியவர்களில் முதல் ஆள் நான்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் வில்ஃப்ரெட் போய்ச் சேர்ந்தார். இரண்டாண்டில் வயல் கைமாறியது. புதிய உரிமையாளரின் பெயரைச் சொல்லமாட்டேன். அவரும் அண்டைவீட்டார், அவர் மனைவி இன்றைய விருந்துக்கு எலுமிச்சைக் கேக் அனுப்பியிருக்கிறார், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அவர் வாங்கிய பத்திரத்தில் பாதை இல்லை. வரைபடத்திலும் இல்லை. படலைப் பூட்டினார். சட்டப்படி அவர் செய்தது தவறும் இல்லை.

அந்த ஞாயிறு பெரில் அம்மையார் பூட்டைப் பார்த்தார். திரும்பினார். சாலை வழியே நடந்தார். மூன்று மைல்! நடைபாதை இல்லாத சாலை, நெல்லிக்காய் அளவு கல்லைத் தெறிக்கவிட்டு லாரிகள் பறக்கும் சாலை, எண்பத்திரண்டு வயது! பாதி வழியில் என் காரை நிறுத்தினேன்.

"ஏறுங்கம்மா, நான் கொண்டுபோய் விடறேன்."

"சிரிலைப் பாக்க நான் யார் தயவுலயும் போனதில்ல, வாத்தியாரே. வண்டிய எடுங்க, பின்னால லாரி வருது."

அன்று முடிவு செய்தோம், பாதையை மீட்பதென்று! மனுப் போட்டோம். இரண்டாண்டுகள் காத்திருந்தோம். விசாரணை அதிகாரி இதே மண்டபத்துக்கு வந்தார். இதோ, கொதிகலன் இருக்கும் இடத்தில்தான் மேசை. சாட்சிகளைத் தயார் செய்த பொறுப்பு என்னுடையது. இருபத்து மூன்று சாட்சிகள், அத்தனை பேரும் மேலத்தெரு. "நாம எவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டோம்னு சொல்லணும்" என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தினேன். பெரில் அம்மையாரை அழைக்கவில்லை. இதை அவர் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவர் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நான்தான் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

முதல் சாட்சி நான். அதிகாரி அம்மையார் கேட்டார்: "வயல்ல போறதுக்கு முன்னாடி சொந்தக்காரரைக் கேட்டீங்களா?"

"கேக்காம போவோமாம்மா? வாராவாரம் கதவைத் தட்டிக் கேட்டோம். நாங்க நாகரிகம் தெரிஞ்சவங்க."

எழுதிக்கொண்டார். இருபத்து மூன்று பேரும் அதையே சொன்னோம். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னோம்! எதிர்த்தரப்பு வக்கீல் எங்களை ஒரு குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. புன்னகையோடு பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இடைவேளையில் நம் தலைவி கார்சைட் அம்மையார், கையில் ஒரு சட்டக் கையேட்டோடு, முகம் வெளுத்து என்னிடம் ஓடிவந்தார்.

"லெனர்ட், இதைப் படிச்சீங்களா? இருபது வருஷம் நடந்தா வழி பொதுவாகும். ஆனா பலவந்தமா நடந்திருக்கக்கூடாது, ஒளிஞ்சு நடந்திருக்கக்கூடாது, அனுமதி வாங்கியும் நடந்திருக்கக்கூடாது!"

அனுமதி வாங்கியும்! பெரியோர்களே, கேட்டு நடந்தால் அது அவர் காட்டிய கருணை. கேட்காமல் நடந்தால்தான் அது நம் உரிமை. என் தந்தை மரியாதைக்காக எழுதாமல் விட்டார். நான் மரியாதைக்காகக் கேட்டே கெடுத்தேன். இருநூற்றைம்பது ஆண்டுப் பாதையை இரண்டு தலைமுறைப் பிரூவர்கள் தொப்பியைக் கழற்றியே தொலைத்தோம்! கையில் இருந்த பிஸ்கட்டைத் தின்னவும் முடியாமல், வைக்கவும் இடம் தெரியாமல் நின்றேன். அழுகை வந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இடைவேளை முடிந்தது. "வேறு சாட்சி உண்டா?" என்று அதிகாரி கேட்டார். கடைசி வரிசையில் ஒரு கைத்தடி தரையைத் தட்டியது.

"நான் இருக்கேன். என்னை யாரும் கூப்பிடல. ஆனா வந்துட்டேன்."

வக்கீல் இப்போது எழுந்தார். அடடா, அந்தக் காட்சியைக் காணக் கண்கள் ஆயிரம் வேண்டும்!

"நீங்க மிஸ்டர் தோர்ன்கிட்ட அனுமதி வாங்கினீங்களா, அம்மா?"

"அந்த ஆளுகிட்டயா? தாகத்துக்குத் தண்ணிகூட கேட்டிருக்கமாட்டேன்."

"அப்ப அவருக்குத் தெரியாம, ஒளிஞ்சு போனீங்க?"

"ஒளிஞ்சா? ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு, செவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, அவர் முட்டை திங்கிற ஜன்னலுக்கு நேரா போனேன். தம்பி, என்னைப் பாத்தா ஒளியிற ஆளு மாதிரியா தெரியுது?"

"படலை உடைச்சீங்களா?"

"அதுக்குப் பூட்டே கெடையாது. உங்க ஆளு மாட்டினதுதான் மொதப் பூட்டு."

"நீங்க ஒருத்தர்தான் இப்படி நடந்தீங்க, இல்லையா?"

அவர் திரும்பிப் பார்த்தார். கீழத்தெரு எழுந்து நின்றது! ஒன்பது வீடுகள், பதினேழு பேர், அத்தனை பேரும் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒருவரையும் கேட்காமல், ஒருவருக்கும் பயப்படாமல், ஒருமுறைகூடத் தொப்பியைத் தொடாமல் நடந்தவர்கள்! எந்த ஜனங்களைப் பார்த்து நாங்கள் முகம் சுளித்தோமோ அந்த ஜனங்கள்! கைதட்டுங்கள், மேலத்தெருவே! இன்னும் பலமாக!

வக்கீல் விடவில்லை. வில்ஃப்ரெட்டின் மகள் ஜூடித்தை எழுப்பினார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவர் மனசுக்குள் அனுமதித்திருப்பாரே என்று நிறுவப் பார்த்தார். ஜூடித் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஒவ்வொரு வசந்தத்துலயும் விதைச்சு முடிச்சதும், அப்பா பூட்ஸைப் போட்டுக்கிட்டு அந்த வழியைத் தானே மிதிச்சு விடுவாரு. நாலு தடவ போவாரு, நாலு தடவ வருவாரு. 'நான் போய் பெரில் அம்மாகிட்ட தாராளமா போங்கன்னு சொல்லிட்டு வரட்டுமா'ன்னு ஒருதரம் கேட்டேன். 'வாயத் திறக்காதே! போகலாம்னு நாம சொன்னா, நாளைக்கே ரோட்டு வழியாப் போயிடும் அந்தம்மா. லாரி ஓடுற ரோடு'ன்னாரு."

"இதை அவர் இவங்ககிட்ட எப்பவாவது சொன்னாரா?" என்று கேட்டார் அதிகாரி.

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு குட் மார்னிங்கூட சொன்னதில்லைங்க."

 பெரில் அம்மையார் கைத்தடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, மனுஷன்?" சொல்லியிருந்தால் அது அனுமதியாகிப் பாதை போயிருக்கும் என்று அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

தீர்ப்பு வந்துவிட்டது, தோழர்களே! பாதை பொதுவழி! வரைபடத்தில் பன்னிரண்டாம் எண்! புதிய உரிமையாளர் பூட்டைக் கழற்றித் தாமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஆனால் வெற்றி நொண்டிக்கொண்டு வந்ததே, என்ன செய்வது! மனுவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. எண்பத்தாறு வயதில் இடுப்பும் முழங்காலும் அம்மையாரைக் கைவிட்டன. போன புதன்கிழமை கடையில் பாலை வாங்கிக்கொண்டு சொன்னார்: "வழி கெடச்சிடுச்சு வாத்தியாரே. நடக்கத்தான் காலு இல்ல. ஞாயித்துக்கெழம நீங்க போறப்ப, என்னால வர முடியலன்னு சிரில்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க."

சொல்வேனா? அவையோரே, நீங்களே சொல்லுங்கள், அந்தச் செய்தியை நான் கொண்டுபோவேனா? யார் கால்களால் இந்தப் பாதை பிழைத்ததோ அவரை விட்டுவிட்டு, அதே பாதையில் நாம் மட்டும் நடந்துபோய்க் கொடி கட்டிக் கேக் தின்று திரும்பினால், நம்மைவிட நன்றி கெட்டவர் இந்த நாட்டில் உண்டா?

வெளியே வாசலில் ஒரு நாற்காலி இருக்கிறது. கண்காட்சிக் கூடாரத்தின் கம்புகள் இரண்டை இருபுறமும் இறுக்கிக் கட்டியிருக்கிறோம். மேலத்தெருவிலிருந்து நான்கு தோள்கள் தயார். அதில் ஒன்று, மூட்டுவலி முனகினாலும், என் தோள். கீழத்தெரு முன்னால் நடக்கட்டும், நாங்கள் பின்னால் சுமந்து வருகிறோம்! பண்ணைவீட்டு ஜன்னலுக்கு நேராக, பார்லிப் பயிரின் நடுவாக, சிரில் உறங்கும் இடம்வரை...

அம்மையார் கைத்தடியைத் தூக்குகிறார். ஏதோ சொல்கிறார். சொல்லுங்கள் அம்மா, ஒலிபெருக்கி வேண்டாம், உங்கள் குரல் போதும்.

"ஏ வாத்தியாரே! என்னைத் தூக்கிட்டுப் போக உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தா?"

யாரும் கொடுக்கவில்லை, அம்மா. எழுபத்தேழு வயதில் முதல்முறையாக, நான் ஒருவரையும் கேட்கவில்லை.

எழுந்திருங்கள், அனைவரும்! தலைமை தாங்கிய அம்மையாருக்கும், தேநீர் தந்த தாய்மார்களுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. படல் திறந்திருக்கிறது. வணக்கம்.